காளவாய்க்குப் போன சுண்ணாம்பும் காட்சிக்கு நின்ற சுண்ணாம்பும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் தொடங்கி ஆந்திரக் கரைவரை நீண்டு கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து தேங்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு, மணல் திட்டினால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு முகத்துவாரம் வழியாக மட்டுமே அதனோடு தொடர்பு கொண்டிருக்குமானால் அதைக் காயல் என்பர். பழவேற்காட்டின் பழமையை எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் துணி வணிகத்தையும், 1613 இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையையும், அதன் மீனையும் இறாலையுமே எழுதினர். ஏரியின் அடிச்சேற்றில் புதைந்து கிடந்த கிளிஞ்சல் அவர்களுடைய ஏடுகளில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் பெறவில்லை. சென்னையின் பழைய சுவர்களையும் தூண்களையும் பொறுத்தவரை, அந்தக் கிளிஞ்சலின் பங்கு சிறியதன்று.

மட்டி, ஆளி முதலான மெல்லுடலிகள் தம் உடலைச் சுற்றி வளர்த்துக்கொள்ளும் ஓடே கிளிஞ்சல். அது முழுக்க முழுக்கக் கால்சியம் கார்பனேட்டால் ஆனது என்றே சொல்லிவிடலாம். உயிர் போன ஓடுகள் நீரோட்டத்தால் ஒதுக்கப்பட்டு, பல நூற்றாண்டுகளாகப் படிந்து, சேற்றுக்கு அடியில் அடுக்கு அடுக்காகத் திரண்டிருக்கும். சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே உள்ள ஏரியில் அவற்றைத் தோண்டி எடுப்பது கடினமான வேலை என்றாலும், அதற்குப் பெரிய கருவியோ பெரிய முதலோ வேண்டியிருக்கவில்லை. தோண்டிய கிளிஞ்சலைக் கழுவி, மேற்புறம் திறந்த வட்டமான காளவாயில், அதாவது சுண்ணாம்புச் சூளையில், கரியோடும் விறகோடும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுடுவார்கள். வெப்பம் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸை எட்டும்போது ஓட்டிலிருந்து கரியமில வாயு பிரிந்து போக, எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. நூறு பங்கு எடையுள்ள ஓட்டைச் சுட்டால் 56 பங்கே மிஞ்சும். மற்ற 44 பங்கும் புகையோடு புகையாகக் காற்றில் கலந்துவிடும். சுட்ட சுண்ணாம்பின் மீது நீர் தெளித்தால் அது சீறி, சூடேறி, பொடிந்து நீறும். வெற்றிலைக்குத் தடவுவதும் சுவருக்குப் பூசுவதும் இந்த நீற்றிய சுண்ணாம்பையே.

உள்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லில் களிமண்ணும் பிற தாதுக்களும் கலந்திருப்பதால் அதைச் சுட்டெடுக்கும் சுண்ணாம்பு சற்று மங்கி நிற்கும். கிளிஞ்சலில் அக்கலப்பு குறைவு என்பதால் அதன் சுண்ணாம்பு தூய வெண்மையாக வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் பளிங்கென மயங்கிப் புகழ்ந்த சென்னைச் சுண்ணச் சாந்து இந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பிலிருந்து பிறந்ததே. நன்றாக அரைத்த சுண்ணாம்போடு வெல்லம், கடுக்காய் நீர், முட்டையின் வெண்கரு முதலியவற்றைச் சேர்த்து, பல பூச்சுகளாகப் பூசி, வழுவழுப்பான கல்லால் நெடுநேரம் தேய்த்து மெருகேற்றுவது கொத்தனார்களின் கைத்திறன். நகரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் இருந்த காயல்களும் கழிமுகங்களும் கிளிஞ்சலைத் தந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்ட கால்வாய், பிறகு பழவேற்காட்டு ஏரியோடு இணைக்கப்பட்டு, 1876–78 பஞ்ச காலத்துக்குப் பின் பக்கிங்காம் கால்வாய் என்ற பெயரைப் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் விறகு அந்த வழியாகவே படகு படகாகச் சென்னைக்கு வந்தது. காளவாய்க்கு வேண்டிய ஓடும் எரிபொருளும் ஒரே நீர்வழியில் கிடைத்ததுதான் இத்தொழிலின் பொருளாதார அடிப்படை.

ஆகவே பழவேற்காட்டுக் குப்பங்களின் பக்கம் சுண்ணாம்பு என்பது எரிப்பதற்கும் விற்பதற்கும் உரிய பொருளாகவே இருந்தது. அதை நின்று பார்க்க யாரும் கட்டணம் கொடுத்து வந்ததில்லை. அதே கால்சியம் கார்பனேட், அதே சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கர்நூல் பகுதியில், கல்லாக இறுகி, அக்கல்லும் நீரால் அரிக்கப்பட்டுக் குகையாகி, பிற்காலத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கும் இடமாக மாறியது. 1825 இல் டச்சுக்காரர் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்த பழவேற்காடும், 1839 இல் நவாபிடமிருந்து கும்பினி பறித்த கர்நூலும் பதினான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தவை. அவ்விரு நிலங்களிலும் கால் பதித்த ஆய்வாளர்களும் ஏறத்தாழ ஒரே ஆட்கள்தாம்.

பழவேற்காட்டைச் சுற்றிச் சுண்ணாம்புக் குகை இல்லாததற்குக் காரணம் எளிது: அது ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலும் ஆன நிலம், குகை தோன்ற வேண்டிய கெட்டியான பாறை அங்கே மேலே தெரிவதில்லை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகில் உள்ள குடியம் குகை மக்கள் நடந்து சென்று பார்க்கும் இடமாக இருந்தாலும், அது சுண்ணாம்புக் குகையன்று. உருண்ட கற்கள் மணலோடு சேர்ந்து இறுகிய திரள் பாறையில், காற்றும் மழையும் குடைந்த விரிந்த வாய் அது. உள்ளே ஊர்மக்கள் வழிபடும் நாட்டார் தெய்வம் ஒன்று உண்டு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் தம்மோடு பணியாற்றிய வில்லியம் கிங் என்பவருடன் கொசஸ்தலையாற்றுப் படுகையின் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். குடியம் குகையும் அவர் கவனத்துக்கு வந்தது. இந்தியத் தொல்லியல் துறை 1962–64 இல் அங்கே அகழ்ந்து பார்த்தது. ஃபூட்டுக்குக் குகை என்றால் ஆர்வம் எழுந்ததன் காரணம், அக்காலத்து ஐரோப்பாவில் தொன்மை மனிதனின் தடங்கள் குகைகளிலிருந்தே வெளிவந்துகொண்டிருந்தன என்பதாகும்.

அந்த ஆர்வமே அவரைக் கர்நூலுக்கு இட்டுச் சென்றது. பேதஞ்செர்லாவுக்கு அருகிலுள்ள பில்லாசுர்கம் குகைகளை 1844 ஆம் ஆண்டிலேயே கேப்டன் நியூபோல்டு என்ற படை அதிகாரி எழுத்தில் பதிவு செய்திருந்தார். தரைக்கடியில் எலும்புகள் கிடைப்பதாக அவர் எழுதிய செய்தி நாற்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இங்கிலாந்தின் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி அதை நினைவூட்ட, சென்னை ஆளுநர் கிராண்ட் டஃப் ஏற்பாடு செய்ய, 1880களின் நடுவில் ஃபூட்டும், படை அதிகாரியாக இருந்த அவர் மகன் ஹென்றியும் குகைகளை அகழ்ந்தனர். கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த லைடெக்கர் என்ற அறிஞர், தென்னிந்தியாவில் இன்று காணப்படாத காண்டாமிருகம் உள்ளிட்ட விலங்குகளை அவற்றில் அடையாளம் கண்டார். ஃபூட் கருவிகள் என்று நம்பிய சில எலும்புத் துண்டுகளைப் பற்றிப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினர் என்றாலும், தென்னிந்தியக் குகை ஆய்வு அவரிடமிருந்தே தொடங்குகிறது. அந்தச் சுற்றில், 1884 இல், கொலிமிகுண்ட்லாவுக்கு அருகிலுள்ள பெலும் குகையையும் அவர் குறித்து வைத்தார். எலும்பு தேடி வந்தவருக்குப் பெலும் அவ்வளவாகப் பயன்படவில்லை. அதன் அளவை யாரும் அளக்காமலே மேலும் ஒரு நூற்றாண்டு போயிற்று.

பெலும் இருக்கும் பாறையை அறியாத தமிழ் வீடு குறைவு. சமையலறை மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் போடும் கடப்பாக் கல் என்பது கடப்பை, கர்நூல் பகுதிகளில் வெட்டப்படும் கருஞ்சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்; நிலவியலாளர் நார்ஜி சுண்ணாம்புக் கல் என்று பெயரிட்ட அந்தப் பாறையைக் குடைந்தே பெலும் குகை உருவாகியிருக்கிறது. தட்டையாகப் படிந்த அடுக்குகளாக அது பிரிவதால் பலகை பலகையாக வெட்டிச் சந்தைக்கு அனுப்ப முடிகிறது. அதே அடுக்கு இடைவெளிகளில்தான் நிலத்தடி நீரும் வழி கண்டது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு சற்றே புளித்த நீராகிக் கீழிறங்குகிறது. அந்த நீர் பாறையின் வெடிப்புகளில் புகுந்து சுண்ணாம்பைக் கரைத்தெடுத்து, இலட்சக்கணக்கான ஆண்டுகளில் வெடிப்பைச் சந்தாகவும் சந்தை அறையாகவும் அகலப்படுத்துகிறது. குகையின் கூரையிலிருந்து சொட்டும்போது நீரிலிருந்த வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகப் படிகிறது. கூரையிலிருந்து கீழ்நோக்கி வளர்வது கல்விழுது. சொட்டு விழும் தரையிலிருந்து மேல்நோக்கி எழுவது கல்முளை. இரண்டும் சேர்ந்தால் தூண். காளவாயில் நெருப்பு விரட்டிய வாயுவைச் சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் இறுகுகிறது. சூளையும் சுவரும் ஓரிரு ஆண்டுகளில் நடத்தி முடிக்கும் கரைதலும் இறுகுதலுமான அந்த வேதியியலை, நெருப்பின்றி, நீரைக்கொண்டே, மனித வரலாற்றுக்கு அடங்காத காலத்தில் குகை நடத்துகிறது.

இத்தனை காலம் எடுத்து உருவான குகை, காட்சிக் குகையாக மாறுவதற்குச் சில ஆண்டுகளே போதும். காட்சிக் குகை என்பது படி, பாதை, விளக்கு, காற்றோட்டம், வழிகாட்டி, கட்டணம் ஆகியவற்றால் பொதுமக்கள் நுழைந்து வெளியேறத் தக்கதாக ஆக்கப்பட்ட குகை. இயற்கை தருவது அதன் பாதியே, மறுபாதி மராமத்து வேலை. இன்றைய ஸ்லோவேனியாவின் விலெனிக்கா குகைக்கு 1633 முதலே நுழைவுக் கட்டணம் இருந்ததாகவும், அதில் ஒரு பங்கு உள்ளூர்த் தேவாலயத்துக்குச் சென்றதாகவும் பதிவு உண்டு. அதே நாட்டின் போஸ்டோய்னா குகை 1819 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1872 இல் உள்ளே தண்டவாளமும் 1884 இல் மின்விளக்கும் வந்தன. ஃபூட் பெலும் குகையைப் பார்த்த அதே ஆண்டில் ஐரோப்பியர் மின்னொளியில் கல்விழுதுகளைக் கண்டு வியந்துகொண்டிருந்தனர் என்பது கவனிக்கத் தக்கது. அமெரிக்காவின் மாமத் குகையில் 1812 ஆம் ஆண்டுப் போரின்போது அடிமைகளைக் கொண்டு வெடியுப்பு எடுத்தனர். வெடியுப்பு என்பது வெடிமருந்தின் முதன்மைக் கூறு. போர் முடிந்து விலை சரிந்ததும், 1816 முதல் குகை பார்வையாளர்களுக்கானதாயிற்று. அதன் புகழ்பெற்ற வழிகாட்டியான ஸ்டீபன் பிஷப் 1838 இல் அங்கே கொண்டுவரப்பட்ட அடிமை. குகையின் பல பகுதிகளை முதலில் கண்டறிந்து அதன் வரைபடத்தை வரைந்தவரும் அவரே. முதலில் குகையிலிருந்து பொருளை எடுப்பதும், அது கட்டுப்படியாகாதபோது குகையையே காட்டிப் பணம் வாங்குவதும் பல நாடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்திருக்கின்றன. பழவேற்காட்டிலும் டச்சுக்காரர் வெடிமருந்து ஆலை நடத்தித் தம் கிழக்கிந்தியக் குடியேற்றங்களுக்கு அனுப்பினர் என்றாலும், அங்கே ஆலை போன பின் காட்டுவதற்குக் கோட்டையின் மேடும் கல்லறைகளுமே மிஞ்சின.

பெலும் குகையை முழுதாக அளந்தவர் ஹெர்பர்ட் டேனியல் கெபாயர் என்ற ஜெர்மானியக் குகை ஆய்வாளர். 1982, 1983 ஆண்டுகளில் அவர் தலைமையில் வந்த குழு ஊர்க்காரர்களின் துணையோடு உள்ளே ஊர்ந்து சென்று வரைபடம் தயாரித்தது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம் அப்போது தெரியவந்தது. 3,229 மீட்டர் என்பது இன்று வழங்கும் அளவு. வயல்வெளியின் நடுவே கிணறுபோல் வாய்திறந்திருக்கும் பள்ளங்களே அதன் நுழைவாயில். ஊரின் குப்பை அங்கே கொட்டப்பட்ட காலமும் உண்டு. 1999 இல் ஆந்திரப் பிரதேசச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் குகையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சந்துகளை அடைத்திருந்த மண்ணை வாரி அப்புறப்படுத்தி, படிக்கட்டும் நடைபாதையும் அமைத்து, விளக்கிட்டு, 2002 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவே பார்வைக்கு விடப்பட்டுள்ளது. பெலும் மலையில் குடைந்த குகையன்று, சமவெளிக்கு அடியில் ஓடுவது. காற்று இயல்பாக ஓடுவதற்கான எதிரெதிர் வாய்கள் அதற்கு இல்லை. வெக்கையும் புழுக்கமும் தாங்க முடியாதவையாக இருந்ததால் மேலிருந்து துளையிட்டுக் குழாய்கள் வழியாகக் காற்றைச் செலுத்த வேண்டியிருந்தது. ஆக, பார்வையாளர் ஒருவர் உள்ளே இழுக்கும் மூச்சுகூடச் சுற்றுலாக் கழகம் ஏற்பாடு செய்ததே.

மராமத்து வேலை முடிந்ததும் பெயரிடும் வேலை தொடங்கியது. சிங்கத் தலையை ஒத்த கல்விழுது வளைவு சிம்மத்துவாரம் ஆயிற்று. லிங்கங்களை ஒத்த சுண்ணாம்புப் படிவுகள் நிறைந்த அறை கோடிலிங்கம். நுழைவாயில் மட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழத்தில் நீர் வழியும் இடம் பாதாள கங்கை. தட்டினால் ஓசையெழுப்பும் விழுதுகள் உள்ள அறை சப்தஸ்வரக் குகை என்று 2006 இல் திறக்கப்பட்டது. பண்டைக் காலத்தில் புத்த, சமணத் துறவிகள் தங்கியதாகச் சொல்லப்படும் இடம் தியான மண்டபம் எனப்படுகிறது. வெளியே பெரிய புத்தர் சிலை ஒன்றும் நிறுவப்பட்டிருக்கிறது. புராணப் பெயர் வைப்பது நம்மவர்க்கு மட்டும் உரிய பழக்கம் என்று கருதத் தேவையில்லை. மாமத் குகையின் நீரோடைக்கு அமெரிக்கர் கிரேக்கப் புராணத்தின் பாதாள நதியான ஸ்டிக்ஸின் பெயரையே சூட்டினர். கல்லைக் கல்லாகவே பார்க்கச் சொன்னால் பார்வையாளர் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டார் என்பதை எல்லா நாட்டு வழிகாட்டிகளும் அறிந்திருந்தனர் போலும்.

விசாகப்பட்டினத்துக்கு வடக்கே அனந்தகிரி மலையிலுள்ள போரா குகை, பெலும் குகையைவிடப் பல்லாண்டுகள் முன்னரே பெயர்பெற்றது. அகன்ற வாயும், உயர்ந்த கூடமும், கோஸ்தனி ஆறும் சேர்ந்த இடம். அதை 1807 இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் கையேடுகள் தொடர்ந்து எழுதிவருகின்றன. அத்துறையே 1851 இல்தான் நிறுவப்பட்டது. அத்திரம்பாக்கத்தில் ஃபூட்டோடு நடந்த கிங் அந்நூற்றாண்டின் பிற்பாதியில் பணியாற்றியவர். ஆண்டு தவறா, ஆள் தவறா என்று தீர்மானிக்க இயலாவிட்டாலும், இரண்டும் ஒருங்கே சரியாக இருக்க வழியில்லை. எப்படியிருப்பினும், மேலிருந்த துளை வழியே தவறி விழுந்த பசுவைத் தேடிச் சென்ற மேய்ப்பன் உள்ளே லிங்கத்தைக் கண்டான் என்ற கதையைச் சொல்லி, சிவராத்திரிக்கு அங்கே கூடிவந்த மலைக்குடிகளுக்கு யாரும் குகையைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பைலாடிலாவின் இரும்புத் தாதை விசாகப்பட்டினத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960களில் போடப்பட்ட கொத்தவலசை–கிரந்துல் ரயில் பாதை, குகைக்கு அருகிலேயே ஒரு நிலையம் பெற்றதால், சுற்றுலாப் பயணிகளின் வரவு பெருகியது.

போராவைச் சுற்றிய மலையில் சுண்ணாம்பின் இன்னொரு வடிவமான கால்சைட்டும், அப்பிரகமும் உண்டு. அவற்றைத் தோண்டத் தனியார் நிறுவனங்களுக்கு அரசு குத்தகை வழங்கியது. அது பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பட்டியல் பகுதி. குத்தகைகளை எதிர்த்துச் சமதா என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997 ஜூலை 11 அன்று அளித்த தீர்ப்பு, பட்டியல் பகுதியின் நிலத்தைப் பழங்குடியல்லாதவருக்குக் கைமாற்றும் உரிமை அரசுக்கும் கிடையாது என்று உரைத்தது. நிலமாற்றத் தடைச் சட்டத்தில் வரும் ஆள் என்ற சொல் அரசையும் உள்ளடக்கும் என்பது அதன் அடிப்படை வாதம். சுரங்க வருவாயில் பழங்குடியினருக்குரிய பங்கைப் பற்றியும் தீர்ப்பு பேசியது. இந்தியப் பழங்குடி நில உரிமை வரலாற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இத்தீர்ப்பு போராவின் சுற்றுப்புறத்தில் பிறந்தது என்பதை, வண்ண விளக்கொளியில் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணிகளுள் மிகச் சிலரே அறிவர். குகை வாயிலில் அதைப் பற்றிய ஒரு பலகை இருப்பது தகும். கல்லை வெட்டி விற்பதும் கல்லைக் காட்டி வாழ்வதும் ஒரே மலையில் மோதிக்கொண்டபோது, குகையின் அழகைவிட நிலம் யாருடையது என்ற கேள்வியே வழக்கைத் தீர்த்தது.

தமிழர் கையில் உள்ள சுண்ணாம்புக் குகை கடலுக்கு அப்பால் இருக்கிறது. கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள பத்துமலையில் தம்புசாமிப் பிள்ளை என்பவர் 1891 வாக்கில் முருகனை நிறுவினார். தைப்பூசத் திருவிழா அடுத்த ஆண்டிலிருந்து நடந்துவருகிறது. அந்தக் குன்றின் பக்கங்களில் பல பத்தாண்டுகள் கல்லுடைப்பு நடந்தது. குகையின் தரையில் படிந்த வௌவால் எச்சத்தைத் தோட்டங்களுக்கு உரமாக அள்ளிச் சென்றதும் உண்டு. 2006 இல் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை எழுந்த பின்பு வழிபாட்டுக்கு வருவோரையும் வேடிக்கைக்கு வருவோரையும் பிரித்தறிவது கடினமாயிற்று. 2018 இல் 272 படிகளுக்கும் பல வண்ணம் பூசியபோது மரபுரிமைத் துறையின் ஒப்புதல் பெறப்படவில்லை என்ற சர்ச்சை எழுந்தது. வண்ணம் அப்படியே நிற்கிறது, கூட்டமும் கூடியிருக்கிறது.

வெளிச்சமும் கூட்டமும் குகைக்குத் தீங்கின்றி வருவதில்லை. இருட்டில் ஒளிச்சேர்க்கை நடவாது என்பதால் இயல்பான குகைச் சுவரில் பசுமை கிடையாது. விளக்கு எரியத் தொடங்கியதும் அதைச் சுற்றிப் பாசியும் பூஞ்சணமும் படர்ந்து கல்லின் மேற்பரப்பை அரிக்கின்றன. மனிதர் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, ஈரத்தோடு சேர்ந்து, படிந்த சுண்ணாம்பை மறுபடியும் கரைக்கும். சுண்ணாம்புக் கல்லில் அமைந்த பிரான்சின் லாஸ்கோ குகை, தொல்பழங்கால ஓவியங்களுக்காக 1948 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, கூட்டத்தின் மூச்சாலும் விளக்காலும் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963 இல் மூடப்பட்டது. பெலும் குகையில் மனிதருக்காகச் செலுத்தப்படும் காற்று அங்கிருந்த பழைய ஈரநிலையை மாற்றாமல் இராது. வண்ண விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே அங்கே எளிதில் செய்யக்கூடிய முதல் காரியம்.

பழவேற்காட்டின் கிளிஞ்சல் தொழில் இந்தக் காலத்துக்குள் ஒடுங்கிவிட்டது. சிமெண்டு வந்ததும் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தேடுவோர் குறைந்தனர். ஏரியின் ஆந்திரப் பகுதி 1976 இலும் தமிழகப் பகுதி 1980 இலும் பறவைகள் சரணாலயமாயின. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் குறித்த 1991 ஆம் ஆண்டு அறிவிக்கை கரையோரத்தில் மணலும் பாறையும் பிற அடிப்பொருள்களும் தோண்டுவதைக் கட்டுப்படுத்தியது. பழைய கட்டடங்களைப் புதுப்பிப்போர் மட்டும் இன்றும் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கேட்டு வாங்குகின்றனர். காளவாய் அணைந்த கரைக்குச் சுற்றுலா வந்து சேர்ந்தது: குளிர்காலத்துப் பூநாரைகள், தொல்லியல் துறையின் காப்பில் உள்ள டச்சுக் கல்லறைகள், கல்லறை வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், முகத்துவாரம் வரை ஒரு படகுச் சவாரி. ஏரியின் வடபகுதியில் ஆந்திர அரசு பூநாரைத் திருவிழாவையே நடத்திவருகிறது.

குகைக்கு வாயில் ஒன்று உண்டு என்பதால் அதைப் பூட்டலாம், சீட்டு கிழிக்கலாம், உள்ளே போனவரை எண்ணலாம், கைப்பிடிக் கம்பி போடலாம். ஏரிக்கு அப்படி வாயில் இல்லை. கரையில் எந்தக் குப்பத்திலிருந்தும் படகு கிளம்பலாம். பெலும் குகைக்கு ஓர் அரசுக் கழகம் செய்ததைப் பழவேற்காட்டு ஏரிக்கு யாரும் செய்யாத நிலையில், மீன்பிடிப் படகுகளே சவாரிப் படகுகளாயின. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு முகத்துவாரத்தை ஒட்டிக் கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. கட்டுப்பாடும் கண்காணிப்பும் பற்றிய பேச்சு எழுந்தது.

இத்தனைக்கும் அந்த நீரில் ஒழுங்கு இல்லாமலில்லை. இறால் பாயும் நீரோட்டங்களில் வலை கட்டும் உரிமையைப் பட்டினவர் குப்பங்கள் பாடு என்ற முறையால் பங்கிட்டு வருகின்றன: தலைக்கட்டு எனப்படும் உரிமைக் குடும்பங்களின் பெயர்களை வரிசைப்படுத்தி, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்பதை முறைவைத்து மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு அது. முறை தவறியவரை ஊர்க்கூட்டம் கேள்வி கேட்கும். கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர் போன்றோர் அந்த முறைக்கு வெளியே நின்று பாடுபடுவதும், அதைக் குறித்த மனக்கசப்புகளும் நெடுநாளாக உண்டு. முகத்துவாரத்தின் நீரோட்டம் எந்தப் பொழுதில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைப் பாடு முறையில் வலை கட்டுவோரைப்போல் அறிந்தவர் எவருமில்லை. ஆனால் பாடு இறாலுக்கும் வலைக்கும் வகுக்கப்பட்டது, சவாரிக்கு ஏறுவோர் எத்தனை பேர் என்பதைக் கணக்கிடும் தேவை அதற்கு ஒருபோதும் இருந்ததில்லை.